பில் இருக்கா

விளக்குத்தூண் பாத்திரக்கடையில்
மூணு லிட்டர் குக்கர் எடுத்தோம்.
மூடியைத் திருகிக் காட்ட வந்த பையனிடம்
நான் பில்லைத்தான் கேட்டேன்.
"வாரண்டி கார்டு உள்ளயே இருக்குக்கா."
அது வேண்டாம். பில்.
எங்கள் பேர் போட்டு, தேதி போட்டு,
கடை முத்திரை கொஞ்சம் அழுத்தமாக.

கோகிலவாணியின் பழைய பள்ளிக்கூட ஃபைல்,
பச்சை நிறம், முன்பக்கம் அவள் ஒட்டிய வாத்துப் படம்.
எங்கள் வீடு அதற்குள்தான் இருக்கிறது.
மிக்சி, டேபிள் ஃபேன், என் அரைப் பவுன் தோடு,
தவணையில் வந்த சைக்கிள்,
அந்தச் சைக்கிள் திருடு போகாமல் இருக்க வாங்கிய பூட்டு.
மற்ற வீட்டில் ஃபேன் ஓடினால் காற்று வரும்.
எங்கள் வீட்டில் ஓடினால்
"ஏது?" என்று ஒரு ஆள் வரும்.

சடையாண்டியின் தாத்தாவிடமும் ஒரு தாள் இருந்ததாம்.
ராத்திரிச் சீட்டு.
பெண் கொடுத்த ஊருக்குப் போக, எழவு வீட்டுக்குப் போக,
மணியக்காரர் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்து,
போன ஊரில் காட்டி, திரும்பி வந்து காட்டி.
பத்து விரலையும் மையில் உருட்டி எடுத்த காலம்.
ஒருநாள் ஊருக்குள் ஆடு களவு போனது.
அன்று ராத்திரி முழுக்க
ஸ்டேஷன் வராந்தாவில், ஏட்டின் கண் முன்னால்
ஆஜர் சொல்லிப் படுத்திருந்தவரைத்தான்
விடிந்ததும் அந்த ஆட்டுக்காக அடித்தார்களாம்.

அந்தச் சட்டம் செத்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.
கருமாதிக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை.

எஸ்.எஸ். காலனியில் பன்னிரண்டு பவுன் ஆரம் போனது.
மறுநாள் கோழி கூப்பிடும் முன்னே ஜீப் வந்தது.
நகை தொலைந்தால்
விசாரணைக்கு முன்னால் தீர்ப்பு வருவது
இந்த ஊருக்குப் பழசு.
லுங்கியை மாற்றக்கூட விடவில்லை.
நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்,
செல்லூர்ப் பாலம் வரைக்கும்.
அப்புறம் ஷேர் ஆட்டோ.

எஸ்.ஐ. ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்.
மிக்சி பில் வெள்ளையாக வந்தது.
எங்களுடையது தகரக் கூரை.
மெஷின் அடித்த எழுத்து
மூன்று சித்திரை வெயிலில் ஊதாவாகி, சாம்பலாகி,
எப்போது போனதென்று நான் பார்க்கவில்லை.
"என்னம்மா இது?"
சொன்னேன்.
கடை பேர், பில் நம்பர் நானூற்றுப் பதினேழு,
ஆடித் தள்ளுபடியில் வாங்கியது,
ரெண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்,
அதில் வரி எவ்வளவு என்பது வரைக்கும்.
அவர் ஏட்டைப் பார்த்துச் சிரித்தார்.
"பாருய்யா, எப்படி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா."

நாலாம் நாள் விட்டார்கள்.
ஆரம் அந்த வீட்டு மாவு டப்பாவுக்குள்ளேயே இருந்ததாம்.
ஒளித்துவைத்த அம்மாளுக்கே மறந்துவிட்டதாம்.
ஸ்டேஷனிலிருந்து யாரும் வந்து சொல்லவில்லை,
அங்கே பாத்திரம் தேய்க்கிற பெரியகருப்பிதான் சொன்னாள்.

ரேஷன் கடை மெஷின் அவர் விரலை ஏற்கவில்லை.
வீங்கிய கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தார்.
"ரேகை விழலையேண்ணே" என்றான் கடைக்காரன்.
வீட்டுக்கு வந்ததிலிருந்து வாய் திறக்காத மனுஷன்
அப்போது சிரித்தார்.
ரொம்ப நேரம் சிரித்தார்.
வரிசை கொஞ்சம் விலகி நின்றது.

இன்றைக்குச் சிம்மக்கல் ஜெராக்ஸ் கடையில்
எல்லாத் தாளையும் கொடுத்தேன்.
அந்தப் பிள்ளை ஒன்றை மட்டும்
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்,
வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தாள்.
"அக்கா, இதுல ஒண்ணுமே இல்லையே. வெத்துத் தாளு."

தெரியும்மா.
அதுல ரெண்டு காப்பி போடு.