கவர்வழி

திங்கள் எனக்கு, செவ்வாய் அவருக்கு.
பிள்ளைகள் எழும்ப முன் ஒருவர் ஓடலாம்,
ஒருவர் வீட்டில் நிற்க வேணும்.
ஒன்பது வருஷக் கலியாணத்தில்
சண்டை பிடிக்காமல் செய்த ஒரே ஒப்பந்தம்.

அநுராதபுரச் சந்தி பேக்கரி வாசனை வரைக்கும் நடை.
கன்னியா வீதி தாண்டி
காட்டோரம் மணல் தொட்டதும் ஓட்டம்.
பங்குனிக் கடைசி.
வேம்பு செப்புத் தளிர் விட்டு நிற்கிறது.
யானை போன இரவென்றால் வாசத்திலேயே தெரியும்,
அன்றைக்குத் திரும்பிவிடுவேன்.

செவ்வாய் காலை
குசினி வாசலில் நின்று
ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னார்:
"காயா பூத்திட்டுது.
மூண்டாம் வளைவில, பாறைக்குப் பக்கத்தில.
நீலமெண்டால் அப்பிடியொரு நீலம்."
மாவாலை வேலைக்குப் போகும்வரை
அந்த நீலத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன் நான் தேடினேன்.
மூன்றாம் வளைவு இருந்தது, பாறை இருந்தது.
விடத்தலில் பாதி மஞ்சள் பாதி ஊதாவாய்ச் சின்னத் திரிகள்,
எருக்கு, தும்பை.
காயா இல்லை.
வீட்டுக்கு வந்து,
"கண்டனான், நல்ல வடிவு" என்றேன்.
ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.
அவர் முகம் அப்படி இருந்தது.
போதாததற்கு,
"ஓடைக்கரையில கொன்றை வெடிச்சிருக்கு, பாருங்கோ"
என்றும் சொல்லிவைத்தேன்.

வியாழன் அவர் வந்து சொன்னார்:
"ஓமோம், கொன்றை கண்டனான்."

மிதுர்ஷா எங்கள் காலுறைகளில் ஒட்டி வரும் விதைகளைப்
பிடுங்கிச் சேர்க்கிறாள்,
பட்டர் டின் மூடியில் ஒன்று, ஜாம் போத்தல் மூடியில் ஒன்று.
"அப்பான்ர விதையெல்லாம் கொக்கி,
அம்மான்ர விதையெல்லாம் ஊசி."
பள்ளிக்கூட வான் கோன் அடித்தது.
தலை இழுத்த அவசரத்தில்
"சரி சரி" என்றேன்.

வெள்ளி யாரும் ஓடவில்லை.
அட்சயனுக்குக் காய்ச்சல்.
மல்லித் தண்ணீர் பாதி அவன் வாயில்,
பாதி என் சட்டையில்.
சனி பின்னேரம் சூடு இறங்கியதும்
மச்சாள் தவச்செல்வி சாம்பல்தீவிலிருந்து வந்து
இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு சொன்னாள்:
"விடிய ரெண்டு பேரும் ஒண்டாய்ப் போய்த் தொலையுங்கோ."

ஞாயிறு.
அவர் மூச்சு இவ்வளவு சத்தமென்று
எனக்குத் தெரியாது.
குளக்கட்டு இறங்கியதும் வழி இரண்டாய்க் கவர்க்கிறது.
நான் வலம் திரும்பினேன். அவர் இடம்.
இருவரும் நின்று திரும்பிப் பார்த்தோம்.

"எங்க போறீர்?"
"பாதையிலதான்."
"பாதை இதெல்லோ?"

இடப்பக்கம் ஒருகாலம் சிவப்புப் பலகை நின்றது,
மண்டையோடும் இரண்டு எலும்பும் கீறி.
மிதிச்ச தடத்தில மட்டும் மிதியுங்கோ என்று
ஐந்தாம் வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள்.
பலகை போனது, மிதுர்ஷா பிறக்க முன்.
பத்து வயதில் பழகிய கால்
என்னைக் கேட்காமலே வலம் திரும்பிக்கொண்டிருக்கிறது.
அவர் கல்லடியில் இருந்து வந்த மாப்பிள்ளை.
அந்தப் பலகையைக் கண்டதேயில்லை.

"அப்ப நீர் பார்த்த காயா?"
"அப்ப நீங்கள் கண்ட கொன்றை?"

எங்கோ ஒரு மயில் கத்தி ஓய்ந்தது.
இருவரும் குனிந்து
அவிழாத சப்பாத்து நாடாவை
அவிழ்த்துக் கட்டினோம்.

பிறகு நான் இடப்பக்கம் வைத்தேன் காலை.
முதல் இருபது அடி நிலத்தையே பார்த்து.
அவர் ஓடவில்லை,
முன்னால் நடந்தார், மெதுவாய்,
தன் தடம் எனக்குத் தெரியும்படி.
மூன்றாம் வளைவு. வேறொரு பாறை.
முக்கால்வாசி கொட்டி முடிந்திருந்தது.
மணலில் நீலம், எறும்பின் வழியில் நீலம்,
கொப்பில் இன்னும் கொஞ்சம்.

கொன்றைக்கு அடுத்த ஞாயிறு,
தவச்செல்வி சம்மதித்தால்.

வீட்டில் மிதுர்ஷா
என் காலைத் தன் மடியில் இழுத்துவைத்து
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினாள்.
எல்லாம் கொக்கி.
நிமிர்ந்து பார்த்தாள்:
"அம்மா, நீங்கள் இண்டைக்கு
அப்பான்ர மேசையோ போட்டனீங்கள்?"