புள்ளி வைப்பவன்

என் வேலை புள்ளி வைப்பது. அவ்வளவுதான்.
வூஸ்டர் நகரில், அகராதிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில்,
நீராவிக் குழாய்க்குப் பக்கத்து மேசை.
வரியின் கோடியில் இடம் போதாமல்
ஒரு சொல் உடைய நேர்ந்தால்
எங்கே உடையலாம் என்று
அச்சுக்காரனுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் புள்ளி.
பொருள் எழுதுவது வெர்னா லிண்ட்க்விஸ்ட்.
சொல்லின் வயிறு அவளுடையது,
மூட்டுகள் என்னுடையவை.

பதினோரு ஆண்டுகளில் பொருள் கேட்டு
நான் எழுந்து போனதில்லை.
காது போதும்.
பேப்பர் இரண்டாக மடங்கும்: பே, பர்.
ஸ்ட்ரெங்த் எவ்வளவு நீளமானாலும்
எங்கேயும் உடையாது.
உடையாததால்தான் அச்சுக்காரர்கள் அதைத் திட்டுவார்கள்.

ஒரு ஜனவரியில், ஈ வரிசைப் பெட்டியிலிருந்து
ஈவ்னிங் வந்தது.

ஈவ் என்று நின்று, னிங் என்று தொடர்ந்தால்
அது பொழுது. கடைகளில் விளக்கெரியும் நேரம்.
ஈவன் என்று நின்று, இங் என்று தொடர்ந்தால்
மேடுபள்ளத்தை நிரவும் வேலை.
எழுத்துகள் அதே ஏழு.
ஒன்றுகூட இடம் மாறவில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.

"எப்போது முடிகிறது என்று தெரிகிறது," என்றாள் வெர்னா,
"எப்போது தொடங்குகிறது என்றுதான் தெரியவில்லை."
மணி நாலரை. ஜன்னலில் இருட்டு அப்பியிருந்தது.
கம்பி ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் அவள் கணவனுக்கு
இது முட்டை பொரிக்கும் வேளை, விடிகாலை.

தட்டச்சிலிருந்து தலை நிமிராமல்
ஒடெஸா ப்ரூயிட் சொன்னாள்:
"எங்கள் அலபாமாவில்
மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் ஈவ்னிங்."
"ஒரு மணிக்கா?"
"ஒரு மணிக்கு. வெயில் மண்டையைப் பிளக்கும்."

வெர்னா அதை இரண்டாம் பொருளாக எழுதினாள்.
முன்னால் சாய்வெழுத்தில்: வட்டார வழக்கு.
அந்தச் சீட்டு தட்டச்சுக்குப் போனபோது
ஒடெஸாவின் விரல் ஒரு கணம் நின்றது.
"எந்த வட்டாரம்?
நான் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன்."
யாரும் பதில் சொல்லவில்லை.
வரி தீர்ந்ததற்கு மெஷின் மணியடித்தது.
தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

டபிள்யூ வரிசைக்கு வந்து சேர நான்கு வருஷமானது.
அதற்குள் வெர்னாவின் கணவன்
பகல் ஷிப்டுக்கு மாறியிருந்தான்,
வேறொரு ஊரில்.

பிப்ரவரியில் அச்சுப்படி வந்தது. வெய்ட் என்ற சொல்லுக்கு
அவள் என்றோ எழுதிவைத்த உதாரண வாக்கியம்:
அவள் அவனுக்காகக் காத்திருந்தாள், அந்த ஈவன்-
இங் முழுவதும்.

தப்பு. மூட்டு இல்லாத இடத்தில் முறித்திருக்கிறார்கள்.
பொழுதைப் பிடித்து
பள்ளத்தில் தள்ளியிருக்கிறார்கள்.
சிவப்புப் பென்சிலோடு அவளிடம் போனேன்.
"புள்ளியை நகர்த்தினால்
கீழே ஐந்து வரி கலையும்," என்றேன்.
"ஒரு சொல் குறைந்தால் ஈவ்னிங் உடையாமலே அடங்கிவிடும்."

அவள் வாக்கியத்தைப் பார்த்தாள்.
பென்சிலை வாங்கி
அவனுக்காக என்பதை அடித்தாள்.

படித்துப் பார்த்தேன்.
அவள் காத்திருந்தாள், அந்த ஈவ்னிங் முழுவதும்.
இலக்கணம் குறையவில்லை.
காத்திருக்க ஆள் வேண்டியதில்லை என்று
பொருள் விளக்கமும் ஒப்புக்கொண்டது.
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
"நீளம் சரியாக இருக்கிறதா?" என்றாள்.
"சரியாக இருக்கிறது," என்றேன்.

ஐந்து மணிக்குக் கீழே இறங்கினால்
வாசற்படியில் ஒருவன் பனியை வாரி,
மிச்சத்தைத் தட்டி நிரவிக்கொண்டிருந்தான்.
ஈவன், இங்.
ஈவன், இங்.
மண்வாரியின் சத்தம்
சரியான இடத்தில் உடைந்துகொண்டிருந்தது.