பற்றவைப்பு

மெட்ரோ தண்ணீர் பிடித்து வைத்த வாளி
கால் பட்டு நகர்ந்தது ஓரடிகூட இருக்காது.
நான் விழுந்த சத்தத்துக்கு முன்பே
உள்ளே முறிந்த சத்தம் கேட்டுவிட்டது.
முப்பத்திரண்டு வருஷம்
பெரம்பூரில் ரயில் பெட்டிக்கு வெல்டிங் வைத்த காது.

எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து
சின்ன டாக்டர் காட்டினார்.
எலும்பின் தலை இருந்த இடத்தில்
ஓர் உருண்டை, ஒரு தண்டு, வெள்ளை வெளேரென்று.
"எந்த கிரேடு ஸ்டீல்?" என்றேன்.
சிரித்தார். அவருக்குத் தெரியாது.

மூன்றாம் ராத்திரி என்னிடம் இல்லை.
வேதவல்லி சொல்லித்தான் தெரியும்:
மூத்திரக் குழாயைப் பிடுங்கினேனாம்.
"பெட்டி நகருது, சக்கரத்துக்குக் கட்டை குடுடா"
என்று வார்டு முழுக்க எழுப்பினேனாம்.
எதிர்க் கட்டில்காரரை சார்ஜ்மேன் என்று கும்பிட்டேனாம்.
ஐம்பத்தொரு வருஷம் கூட இருந்தவளை
"யாரும்மா நீ, வெறுங்கண்ணால தீப்பொறியைப் பாக்காத"
என்று உள்ளங்கையால் கண்ணைப் பொத்தினேனாம்.
அதற்குப் பிறகு இரண்டு நாள்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே
தரையில் படுத்திருக்கிறாள்.

ரத்தத்தில் உப்பு குறைந்துவிட்டதாம்.
கல்யாணமான நாளிலிருந்து
உப்பு ஜாஸ்தி என்று தட்டைத் தள்ளியவன் நான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு சிட்டிகை கூடப் போட்ட கஞ்சியை
ஸ்பூனில் நீட்டினாள். குடித்தேன்.

ஊதச் சொன்ன பந்து மூன்று.
இரண்டு எழும்பும்.
மூன்றாவது கடைசிவரை என்னை மதிக்கவில்லை.

அயனாவரம் வீட்டில் பதினேழு படி.
பிளாஸ்டிக் நாற்காலியோடு என்னைத் தூக்கிப் போனார்கள்
தெருமுனை ஆட்டோக்காரர்கள் நாலு பேர்.
"பெரியவரே, மெலிஞ்சுட்டீங்க" என்றான் ஒருவன்,
மூச்சு வாங்கிக்கொண்டே.

வாக்கர் வந்தது.
முதல் வேலையாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன்:
மூட்டெல்லாம் பொரிப்பொரியாய், இடையில் ஊசித்துளை.
என் கைக்கு வந்திருந்தால்
சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டுத் திருப்பியிருப்பேன்.
"எடையை இறக்குங்க, எத்திராஜுலு சார்" என்றாள்
பிசியோ பெண் நூருன்னிசா.
"இந்த வேலை மேலயா?" என்றேன்.
"வேற வேலை இல்லை சார், இதுதான் இருக்கு."

இறக்கினேன்.
எவனோ அவசரத்தில் பற்றவைத்தது
என்னைத் தாங்கியது.

ஏழாவது வாரம்.
குளியலறை வாசல்வரை பதினோரு எட்டு.
ஒன்பதில் நின்று மூச்சு வாங்குகிறேன்.
பின்னால் அவள், தொடாமல், கை விரித்து வருகிறாள்.
உள்ளே அந்த வாளியைக்
கொடிக்கயிறு போட்டுக் குழாயோடு கட்டியிருக்கிறாள்,
முட்டுகிற மாட்டைக் கட்டுவதுபோல.