கழிவு

நானுஓயாவில் விடியக்காலை ஒன்பது பாகை.
சாணத் தொட்டிக்குள் கிருமிகள் சோம்பிக் கிடக்கின்றன;
வாயுப் பை பாதிதான் உப்பியிருக்கிறது.

ஆனால் கோபுரத்தில் இறங்கும் தண்ணீருக்கு
இதே குளிர்தான் பசி.
ஏறிவரும் வாயுவிலிருந்து
கரியமிலத்தைக் குடித்துக்கொண்டே போகிறது.
அதற்கு முன்பே இரும்புத்தூள்
முட்டை நாற்றத்தை வாங்கிக் கறுத்தாயிற்று.

திலகேஸ்வரி மானியைப் பார்க்கிறாள்.
மீதேன் தொண்ணூற்று மூன்று.
பம்பை ஒரு புள்ளி கூட்டுகிறாள்.
தொண்ணூற்றாறு.

கொழுந்து மடுவத்தில்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்,
போன வருசம்வரை அவள் துண்டிலும்.
இங்கேயும் கழிப்புத்தான்:
ஈரம், கந்தகம், கரி.
கழிக்கக் கழிக்க விலை ஏறுகிறது.

குழாய்வழி இந்த மலைக்கு இன்னும் வரவில்லை.
சிலிண்டர்கள் லொறியில் ஏறுகின்றன.
நிறையை
அவளே எழுதுகிறாள்.