மூலையில் ஓர் எண்

டார்ட்டுவில் பிப்ரவரி. மூன்று மணிக்கே விளக்கு.
டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் கிடக்கும்
பதினொரு பேர் சொன்னதை
தாளுக்கு ஒரு வாக்கியமாக நறுக்கி
சுவரெங்கும் ஒட்டியிருந்தோம், நூற்று நாற்பத்தாறு.
சொன்னவர் பெயர் கூடாது.
மூலையில் பொடியாக ஓர் எண், அவ்வளவுதான்.

தலைப்பை அப்புறம் யோசிக்கலாம் என்றாள் ரேலிகா,
வாய் திறக்காமல் நகர்த்துங்கள்,
எது எதன் பக்கம் சாய்கிறதோ அங்கே விடுங்கள்.

வேல்யோ ஊசியைக் கொண்டுபோய்ப் பயத்தருகே வைப்பான்.
நான் எடுத்துக் காத்திருப்பில் வைப்பேன்.
அவன் மறுபடி.
நான் மறுபடி.
சத்தமே இல்லாத சண்டை.

இருட்டுவதற்குள்
குளிர், பேருந்து, தாகம், கை என்று
ஒன்பது குவியல்.
'ஜன்னலில் காகம் வந்தால் நர்ஸைக் கூப்பிடமாட்டேன்'
எதனோடும் ஒட்டவில்லை.
'இதர' என்றொரு வட்டம் போட்டு
அதற்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ராத்திரி, ஹீட்டர் சூட்டில் பசை விட்டுவிட்டது.

துப்புரவுக்கு வரும் கலீனா
உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கித் திரும்ப ஒட்டியிருக்கிறாள்.
எஸ்தோனிய எழுத்து அவளுக்கு ஓடாது.
எண் ஓடும்.
ஆறெல்லாம் ஆறோடு.
ஏழெல்லாம் ஏழோடு.

இரண்டு நாள் உழைப்பு போச்சு என்று வேல்யோ
போனில் எடுத்த படத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.
நான் ஏழின் முன்னால் நின்றேன்.

கம்பளி வீட்டிலிருந்தே கொண்டுவருவேன்.
ஐந்தரை பேருந்தை விட்டால் எட்டரைக்குத்தான்.
இடது கையால் பக்கம் புரட்டப் பழகிவிட்டது.
பனிக்கட்டி ஒன்று, ஒன்றே ஒன்று, நாக்கில் கரையவிடுவேன்.
ஜன்னலில் காகம் வந்தால் நர்ஸைக் கூப்பிடமாட்டேன்.

ஐந்து இடத்தில் கூறு போட்டிருந்தோம்,
ஒரே ஆள்.
நர்ஸ் வந்தால் காகம் பறந்துவிடும்,
இவ்வளவுதானே.

படத்தைப் பார்த்துப் பார்த்து
பழையபடியே அடுக்கினோம், வேறு வழியில்லை,
வியாழக்கிழமை மருத்துவமனைக்குக் காட்டவேண்டும்.
ஆனால் நாற்காலியின் வரைபடத்தில்
தலைப்பக்கத்தை ஜன்னலை நோக்கி
ஒரு சாண் திருப்பிவைத்தாள் ரேலிகா.
யாரும் ஏனென்று கேட்கவில்லை.

மாலை கலீனாவுக்கு நன்றி சொன்னோம்,
ரேலிகாவின் உடைந்த ரஷ்யனில்.
பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:
எல்லாருக்கும் கை நிறைய இருக்கிறதே,
ஒன்பதுக்கு மட்டும் ஏன்
இரண்டே தாள்?

போய்ப் பார்த்தோம்.
'பரவாயில்லை.'
'எனக்கு ஒன்றும் வேண்டாம், நன்றி.'