இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில்

புந்தா அரேனாஸில் பனிக்காலம் முடிந்தும்
காற்று முடியவில்லை.
சதுக்கத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
நான் பிடிப்பதில்லை, கையில் பை.
பை நிறைய படிவம்.

மொசாம்பிக், நம்புலா. இரண்டு வருடம்.
தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளுக்குப்
பழுது பார்க்க ஆள் வேண்டுமாம்.
இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது.
படித்ததும் சிரித்துவிட்டேன்.
எங்கள் ஊர் மொத்தமும்
அக்டோபர் முழுக்க அந்த இடுக்கில்தான் கிடக்கிறது.
தெருவில் வைத்தாலே மருந்து கெடாது.

பதினாறு வருடம் நண்டு ஆலையில்
உறைகிடங்குகளுக்குப் பொறுப்பு நான்தான்.
கால் மடக்கிய ராட்சச நண்டுகள்
பெட்டி பெட்டியாக
ஷாங்காய்க்குக் கப்பலேறும்வரை
சம்பளத்துக்குக் குளிர் காத்தேன்.

படிவம் கேட்கிறது: ஏன்?
நூற்றைம்பது சொல்லுக்கு மிகாமல்.
'குழந்தைகளுக்காக' என்று தொடங்கினேன்.
எனக்குக் குழந்தைகளோடு அவ்வளவு பழக்கமில்லை.
அடித்தேன்.
'மனிதகுலம்' என்று எழுதினேன்.
அந்தச் சொல்லை வாயால் ஒருமுறைகூட
நான் சொன்னதில்லை.
அதையும் அடித்தேன்.
கடைசியில்
'கம்ப்ரஸர் பேசுவது எனக்குப் புரியும்' என்று
ஒரே வரி அனுப்பினேன்.
எடுத்துக்கொண்டார்கள்.

"இங்கே கெட்டுப்போன பெட்டி இல்லையா?"
சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி
தம்பி யெர்கோ கேட்டான்.
கோபமில்லாத கேள்வி.
உப்பை எடுத்துத் தந்தேன்.

அவசரத்துக்கு யாரிடம் சொல்ல வேண்டும்?
அவன் பெயரைத்தான் எழுதினேன்.
எண் எழுதும் இடத்தில் பேனா நின்றது.
பத்து வருடமாக
அவன் முகத்தை அழுத்தித்தான் அழைக்கிறேன்,
எண் மனசில் இல்லை.

செவ்வாயன்று டைஃபாய்டு ஊசிக்கு
மருத்துவமனை போனேன்.
சட்டைக் கையைச் சுருட்டி உட்கார்ந்திருக்கும்போது
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல்.
ஓடி, நின்று, இருமி, மறுபடி ஓடி.
"உங்கள் பெட்டிக்கு உடம்பு சரியில்லை" என்றேன்.
நர்ஸ் பஞ்சை என் தோளில் வைத்தபடியே
திரும்பிப் பார்த்தாள்.
உள்ளே ஒன்பது புள்ளி நான்கு.
மருந்தையெல்லாம் பனிப்பைக்கு மாற்றிவிட்டு
பின்பக்க மூடியைக் கழற்றினோம்.
விசிறியில் ஒரு கட்டு பஞ்சு, ஒரு காதணி.
காதணி அவளுடையது,
ஈஸ்டரிலிருந்து தேடுகிறாளாம்.
எனக்கு ஊசி போட அன்று மருந்து இல்லை,
வெள்ளிக்கிழமை வரச் சொன்னாள்.

யெர்கோவிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால் அவன் கேள்வி ஜெயித்துவிடும்.

இரவு பத்துக்கு நம்புலாவிலிருந்து அமாதே அழைப்பார்.
அங்கே விடிகாலை, பின்னால் சேவல்.
என்னைவிட எட்டு வயது சின்னவர், கறாரானவர்.
என் போர்த்துகீசு
ஸ்பானிஷ் சட்டையைத் திருப்பிப் போட்டதுபோல
இருக்கிறதாம்.
மக்குவாவில் 'கொஷுக்குரு' என்றால் நன்றி.
பன்னிரண்டு முறை சொல்ல வைத்தார்.
நீங்கள் சொல்வதைவிட
கேட்கும் நேரம்தான் அதிகமிருக்கும்,
அதனால் கேட்கவும் பழகுங்கள் என்று
அவரே ஒருமுறை சொன்னார்.
எப்படிப் பதில் சொல்வதென்று தெரியாமல்
ஸ்பானிஷில் இருமினேன்.

வெயிலில் வேலை செய்து பழக வேண்டுமே,
மூன்று ஹீட்டரையும் ஏற்றி
கதவிடுக்கில் துண்டு செருகி
அறையை முப்பத்தாறுக்குக் கொண்டுவந்தேன்.
பழைய கம்ப்ரஸர் ஒன்று, தரையில் பிரித்துப் பரப்பியது.
விளக்கை அணைத்து டார்ச்சைக் கடித்துக்கொண்டேன்,
அங்கே மின்சாரம் போகும் என்றார்கள்.
வியர்வை கண்ணில் இறங்கி
திருகாணி இரண்டாகத் தெரிந்தது.

கதவு தட்டப்பட்டது.
மேல்மாடி லவுத்தாரோ, இரவு டாக்ஸி ஓட்டுபவன்.
தரை வழியே சூடு ஏறுகிறது என்று
சண்டைக்கு வந்தவன்
வாசலிலேயே நின்றான்.
கையுறையைக் கழற்றினான். தொப்பியை. பூட்ஸை.
அஞ்சு நிமிஷம், என்றான்.

நான் வால்வைப் பொருத்தி முடித்தபோது
மணி மூன்று.
எட்டு டிகிரியை எப்போதோ தாண்டி
முப்பத்தாறில்
நாற்காலியில் ஒரு மனிதன்
கெடாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஹீட்டரை அணைக்கவில்லை.
பல் டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டும்,
பட்டியலில் அது இன்னும் பாக்கி.