பன்றிமுடி

மோட்டார் புகைந்து செத்த மறுநாள்
ஐம்பத்திரண்டு வயதில் முதல் பிரஷ் வாங்கப் போனான் ஒட்டாவியோ.
த்ரியெஸ்தேயில், மீன் சந்தைக்குப் பின்னால் கடை.
நிவெஸ் இரண்டை எடுத்து வைத்தாள்.
வளைக்கரடி முடி: தொண்ணூறு யூரோ.
கன்னத்தில் வைத்தால் தூக்கம் வரும்.
பன்றிமுடி: பதினொன்று.
"இது ஒரு மாதம் கடிக்கும்" என்றாள்.
கடிப்பதை வாங்கினான்.

வெந்நீரில் முக்கியதும்
குளியலறை முழுக்க நனைந்த விலங்கின் வாடை.
நாய் கதவடியில் நின்று உறுமியது.

சவரம் கிடையாது, வெறும் நுரை.
உள்ளங்கையில் சுழற்றி, அலசி, உதறி,
ஜன்னலோரம் தலைகீழாய்த் தொங்கவிட்டான்.
வெளியே போரா காற்று
படகுக் கயிறுகளை முறுக்கிக்கொண்டிருந்தது.
"சாக்கடைக்கா சவரம் செய்கிறாய்?" என்றாள் மனைவி.

மூன்று முடி உதிர்ந்தது. எண்ணினான்.
நான்காவதிலிருந்து எண்ணவில்லை.

பத்தொன்பதாம் நாள்
விளக்கருகே பிடித்துப் பார்த்தான்.
முனை ஒவ்வொன்றும் இரண்டாய்ப் பிளந்து
கம்பியெல்லாம் பஞ்சு.
தாடையில் வைத்தான்.
கடிக்கவில்லை.
ஏனோ கொஞ்சம் ஏமாற்றம்.

நாய் மட்டும் இன்னும் அதைப் பன்றி என்றே நம்புகிறது.
அன்றிரவு தொங்கவிடும்போது
வீட்டில் யாரும் விழித்தில்லை என்று பார்த்துக்கொண்டு
ஒட்டாவியோ குனிந்து
அதனிடம் மெதுவாக
ஒருமுறை உறுமிப் பார்த்தான்.